விதையோடு வந்தவையும் விதையின்றி வருபவையும்

இயக்குநர் மணிகண்டனின் மூன்று திரைப்படங்களை முன்வைத்து

உலகமயமாதல் என்ற சொல் நம் ஏடுகளில் புழங்கத் தொடங்கி முப்பது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. 1991ஆம் ஆண்டில் இந்தியா தன் பொருளாதாரக் கொள்கையை மாற்றிக்கொண்ட நாள்முதல் இதுகுறித்து எழுதப்பட்ட கட்டுரைகளுக்கும் நடத்தப்பட்ட கருத்தரங்குகளுக்கும் கணக்கில்லை. அவற்றுள் பெரும்பாலானவை இரண்டு முடிவுகளில் ஒன்றையே சென்றடைந்தன. வளர்ச்சி வந்தது என்று வாழ்த்தின. அல்லது வாழ்வு போயிற்று என்று வருந்தின. இவ்விரண்டுக்கும் இடையே எளிய வினா ஒன்று கேட்கப்படாமலே நின்றுவிட்டது. வெளியிலிருந்து வருகிற ஒன்றை ஏற்பதா, மறுப்பதா என்று தீர்மானிக்க எளிய மனிதனிடம் உள்ள அளவுகோல் எது?

இவ்வினாவுக்குப் பொருளியல் நூல்கள் தராத ஒரு விடையை மூன்று தமிழ்த் திரைப்படங்கள் தருகின்றன என்பது என் கருத்து. மூன்றும் மணிகண்டன் இயக்கியவை: 'காக்கா முட்டை' (2015), 'ஆண்டவன் கட்டளை' (2016), 'கடைசி விவசாயி' (2022). முதலாவது நகரத்தையும் ஊடகத்தையும் பற்றியது. இரண்டாவது புலம்பெயர்தலைப் பற்றியது. மூன்றாவது நிலத்தையும் சமயத்தையும் பற்றியது. இயக்குநர் இவற்றை ஒரு தொகுதியாகத் திட்டமிட்டார் என்று நான் சொல்ல வரவில்லை. ஆயினும் மூன்றையும் அடுத்தடுத்து வைத்துக் காண்போருக்கு ஒரே சிந்தனை படிப்படியாக முதிர்ந்து வருவது புலப்படும்.

திரைப்படங்களுக்குள் புகுமுன் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. கடல் கடந்து வந்தது என்பதற்காகவே ஒன்றை வெறுத்து ஒதுக்கும் உரிமை தமிழருக்கு இல்லை. தமிழ்க் கிறிஸ்தவருக்கு அறவே இல்லை. நம் குழம்பில் உறைக்கும் மிளகாயும் நம் இரசத்தில் கரையும் தக்காளியும் அமெரிக்கக் கண்டத்தில் பிறந்தவை. 1578இல் கொல்லத்தில் அச்சேறிய 'தம்பிரான் வணக்கம்' என்னும் சிறு நூல், வெளிநாட்டிலிருந்து வந்த அச்சுக்கலை தமிழ் எழுத்தைத் தழுவிக்கொண்டதன் சான்று. நம் விசுவாசமும் கடல்வழி வந்ததே. இவையெல்லாம் எவ்வாறு நம்முடையவை ஆயின? இவை விதையோடு வந்தன என்பதே விடை. மிளகாயை நம் தோட்டத்தில் நட முடிந்தது. அதன் விதையை எடுத்து மறுபடியும் விதைக்க முடிந்தது. அண்டை வீட்டாருக்குக் கொடுக்க முடிந்தது. அச்சுக்கலையை நம் கைகள் கற்றுக்கொண்டன. நட்டுப் பயிராக்கி, நம் மண்ணுக்கேற்ப மாற்றி, நமக்கென வைத்துக்கொள்ள இயன்றவை விதையோடு வந்தவை. எத்தனை முறை வாங்கினாலும் மறுபடியும் கடைக்கே வரச்செய்பவை விதையின்றி வருபவை. மணிகண்டனின் படங்கள் சுட்டுவது இவ்வேறுபாட்டையே.

மூன்று முட்டைகள்

'காக்கா முட்டை' 2014இல் டொரொண்டோ திரைப்பட விழாவில் முதன்முதலாகத் திரையிடப்பட்டு, 2015 ஜூன் 5 அன்று தமிழகத் திரையரங்குகளுக்கு வந்தது. சென்னையின் குடிசைப் பகுதியொன்றில் தாயோடும் பாட்டியோடும் வாழும் இரு சிறுவர்கள். தந்தை சிறையில். இருப்புப் பாதையோரம் சிந்திக் கிடக்கும் நிலக்கரியைப் பொறுக்கி விற்று நாளுக்குப் பத்து ரூபாய் அளவில் ஈட்டுகிறார்கள். கோழி முட்டை வாங்க வசதியில்லாததால் மரமேறிக் காக்கைக் கூட்டிலிருந்து முட்டை எடுத்துக் குடிக்கிறார்கள். அதனாலேயே தங்களுக்குப் பெரிய காக்கா முட்டை, சின்ன காக்கா முட்டை என்று பெயரும் சூட்டிக்கொள்கிறார்கள்.

படத்தின் தொடக்கத்தில் வரும் ஒரு சிறு நிகழ்வைப் பலர் சிரித்துக் கடந்துவிட்டனர். கூட்டில் மூன்று முட்டைகள் இருக்கின்றன. அண்ணனுக்கு ஒன்று, தம்பிக்கு ஒன்று; மூன்றாவது காக்கைக்கு. 1987இல் ஐக்கிய நாடுகள் அவையின் சார்பில் புருண்ட்லாண்ட் குழு தன் அறிக்கையில் நீடித்த வளர்ச்சி என்பதற்கு இலக்கணம் வகுத்தது. நாளைய தலைமுறையின் தேவைக்கு ஊறு நேராமல் இன்றைய தேவையை நிறைவு செய்துகொள்வது என்பது அதன் சாரம். இப்படம் வெளியான அதே 2015இல் உலக நாடுகள் கூடிப் பதினேழு இலக்குகளை வகுத்தன. எழுத்தறியாச் சிறுவன் ஒருவன் ஒரு முட்டையைக் கூட்டிலேயே விட்டுவிட்டு இறங்குவதில் அவ்வறிக்கையின் சாரம் முழுவதும் அடங்கிவிடுகிறது. காக்கை இருந்தால்தான் நாளையும் முட்டை இருக்கும் என்பதை வறுமை அவனுக்குக் கற்பித்திருக்கிறது.

அந்த மரம் வெட்டப்படுகிறது. சிறுவர்கள் விளையாடிய வெற்றிடம் கைமாறி, அங்கே கண்ணாடிச் சுவருடன் பீட்சாக் கடை எழும்புகிறது. விலையில்லாமல் உண்ட இடத்திலேயே இனி விலை கொடுத்து உண்ண வேண்டும். ஓர் உணவின் விலை ஏறத்தாழ முந்நூறு ரூபாய். சிறுவர்களுக்கு அது ஒரு மாத உழைப்பு. பொதுவாய் இருந்தது தனியுடைமையாகி, பிறகு சரக்காகி, நமக்கே விற்கப்படுவதை இவ்வளவு சிக்கனமாகச் சொன்ன தமிழ்ப்படம் வேறொன்றை நான் அறியேன்.

ஆசை எவ்வழியாக வந்தது என்பதையும் இயக்குநர் மறக்கவில்லை. நியாயவிலைக் கடையில் அரிசி இல்லை. ஆனால் அரசின் இலவசத் தொலைக்காட்சிப் பெட்டி வீட்டுக்கு வந்துவிடுகிறது. 2006இல் தொடங்கிய அத்திட்டத்தின்கீழ் ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட பெட்டிகள் தமிழகத்தில் வழங்கப்பட்டதை நாம் அறிவோம். அப்பெட்டியின் வழியே நுழைகிறது பீட்சா விளம்பரம். பசி வயிற்றில் பிறப்பது. இந்த ஆசையோ கண்ணில் பிறப்பிக்கப்படுவது. உணவு வருமுன்னே உணவின் படம் வந்து சேர்கிறது. பாட்டி அந்த விளம்பரத் தாளைப் பார்த்து, தோசை மாவின்மேல் காய்கறிகளைத் தூவித் தன் பேரப்பிள்ளைகளுக்குப் பீட்சா செய்து கொடுக்கும் காட்சி நகைச்சுவைக் காட்சியாகவே பேசப்பட்டது. உண்மையில் மிளகாய்க்கும் தக்காளிக்கும் நம் முன்னோர் செய்ததையே அவளும் செய்ய முயல்கிறாள். வந்ததைத் தன் அடுப்புக்குக் கொண்டுவரப் பார்க்கிறாள். சிறுவர்கள் அதை ஏற்பதில்லை. ஏனெனில் விளம்பரம் விற்றது மாவையும் பாலாடைக் கட்டியையும் மட்டுமன்று. அக்கண்ணாடிக் கதவுக்குள் நுழையும் தகுதியையும் சேர்த்தே விற்றது.

திறக்கும் கதவும் மூடும் கதவும்

பீட்சாவின் வரலாற்றை அறிந்தவர்க்கு இக்காட்சிகளில் மற்றொரு முரண் தென்படும். அது செல்வர்களின் உணவாகப் பிறக்கவில்லை. இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரத்துத் தெருக்களில் உழைப்பாளிகள் கையில் வாங்கி உண்ட மலிவான உணவு அது. வறுமையால் ஊரைவிட்டுக் கப்பலேறிய தென் இத்தாலியர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் அதை நியூயார்க்குக்குக் கொண்டு சென்றனர். அதுவரை அது விதையோடு பயணம் செய்த உணவு. கைகளில் இருந்த தொழில் அது. 1958இலும் 1960இலும் அமெரிக்காவில் தோன்றிய இரு பெரும் நிறுவனங்கள் அதை ஒரே அளவும் ஒரே சுவையும் ஒரே பெயரும் கொண்ட சரக்காக்கின. 1996இல் அவை இந்தியாவுக்குள் நுழைந்தன. இவ்வாறு ஏழை இத்தாலியனின் உணவு ஏழைத் தமிழ்ச் சிறுவனைத் தடுத்து நிறுத்தும் காவலாளியோடு சென்னையில் வந்து இறங்கிற்று.

பணம் சேர்த்துக்கொண்டு சென்ற சிறுவர்களை உடையைக் காட்டித் தடுக்கிறார்கள். அவர்கள் அரும்பாடுபட்டுப் புத்தாடை பெற்று மீண்டும் வருகிறார்கள். இம்முறை கிடைப்பது கன்னத்தில் ஓர் அறை. லூக்கா நற்செய்தியில் செல்வரும் இலாசரும் பற்றிய உவமையை நாம் அறிவோம். அச்செல்வர் இலாசரை அடித்ததாக இயேசு கூறவில்லை. இலாசர் வாயிலருகே கிடந்தார்; வாயில் திறக்கவில்லை. குற்றம் அவ்வளவே. மணிகண்டனின் சிறுவர்கள் இலாசரினும் ஒரு படி கீழே நிற்கிறார்கள். இவர்கள் கையில் விலை இருந்தும் வாயில் திறக்கவில்லை. சந்தை எல்லாருக்கும் பொது, பணம் இருந்தால் போதும் என்று சொல்லப்பட்ட வாக்குறுதி பொய் என்பதை அந்த ஓர் அறை அறிவித்துவிடுகிறது.

அடித்த காட்சி கைப்பேசியில் பதிவாகி, பிறகு தொலைக்காட்சிக்குச் செல்கிறது. இடையில் அதை வைத்துப் பேரம் பேசுவோர் முளைக்கிறார்கள். சிறுவர்களைப் பற்றிப் பேசுவோர் பலர். அவர்களிடம் பேசுவோர் அரியர். ஆசையை ஊட்டிய அதே பெட்டி இப்போது இரக்கத்தையும் சரக்காக்கி விற்கிறது.

படம் வந்து ஆறு மாதங்களில், 2015 டிசம்பர் வெள்ளத்தில் அடையாற்றங்கரைக் குடிசைகள் மூழ்கின. அதன்பின் ஆற்றோர மக்களுள் பலர் நகரின் தென்கோடியில் பெரும்பாக்கம் போன்ற இடங்களின் அடுக்குமாடிகளுக்கு மாற்றப்பட்டனர். அது பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை அடுத்த பகுதி. செய்துவந்த வேலைக்கும் படித்துவந்த பள்ளிக்கும் வெகு தொலைவு. வெள்ளத்தை உறிஞ்ச வேண்டிய அச்சதுப்பு நிலமோ கட்டடங்களால் சுருங்கியபின்னரே, 2022இல் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் தலமாக அறிவிக்கப்பட்டது. மரத்தை இழந்த சிறுவர்கள் வீட்டையும் இழப்பது கதையில் இல்லை. நகரத்தின் நடப்பில் உண்டு.

கடவுச்சீட்டில் ஒரு பொய்ப் பெயர்

'காக்கா முட்டை'யில் கடல் கடந்து வந்த பொருள் தடையின்றி நுழைந்தது. 'ஆண்டவன் கட்டளை'யில் கடல் கடக்க விரும்பும் மனிதன் ஒவ்வொரு வாசலிலும் நிறுத்தப்படுகிறான். மதுரைப் பக்கத்துச் சிற்றூரில் கடனில் சிக்கிய இளைஞன் காந்தி, நண்பன் பாண்டியுடன் இலண்டன் செல்லச் சென்னைக்கு வருகிறான். மணமானவன் என்றால் விசா எளிதில் கிடைக்கும் என்று தரகர் சொல்ல, இல்லாத மனைவியாகக் கார்மேகக்குழலி என்னும் பெயர் கடவுச்சீட்டில் ஏறுகிறது. விசா கிடைப்பதில்லை. ஏறிய பெயரை நீக்குவதற்காக, நடக்காத திருமணத்துக்கு மணமுறிவு கேட்டு நீதிமன்றம் ஏற வேண்டியதாகிறது. நாயகனுக்குக் காந்தி என்று பெயர் வைத்துவிட்டு அவனைப் பொய்மேல் பொய் சொல்ல வைத்ததில் இயக்குநரின் கூர்மை தெரிகிறது.

இப்படத்தின் சிரிப்புக்கு அடியில் ஒரு கசப்பு ஓடுகிறது. பணத்துக்கும் பண்டத்துக்கும் எல்லைகள் தாழ்ந்த இக்காலத்தில், உழைக்கும் மனிதனுக்கு அவை உயர்ந்தே நிற்கின்றன. நியூயார்க்குக்குப் போன நேப்பிள்ஸ் தொழிலாளி தன் உணவையும் கைத்தொழிலையும் எடுத்துக்கொண்டு போனான். காந்தியோ போகுமுன்பே தன் உண்மையைக் களைந்து வைக்க வேண்டியிருக்கிறது. சென்னையில் வாடகைக்கு ஓர் அறை பெறுவதே அவனுக்குப் போராட்டம். எல்லை என்பது விமான நிலையத்தில் மட்டும் இல்லை என்பதை அக்காட்சிகள் உணர்த்துகின்றன. உரிய ஆவணமின்றிச் சிக்கிக்கொள்ளும் ஈழத் தமிழர் ஒருவரும் இதில் வருகிறார். காந்தி ஏழ்மையால் ஊரை விட்டவன். அவரோ போரால் நாட்டை இழந்தவர். முன்னவனின் துன்பத்தைக் கண்டு சிரிக்க முடிகிறது. பின்னவரைக் காணும்போது சிரிப்பு நின்றுவிடுகிறது. அந்த இடத்தில் படம் இன்னும் சற்றுத் தங்கியிருக்கலாம் என்பது என் குறை. மீண்டும் காதலுக்கும் நகைச்சுவைக்கும் அது விரைந்து திரும்பிவிடுகிறது.

விதையில்லாத் தக்காளி

'கடைசி விவசாயி' உசிலம்பட்டிப் பக்கத்துச் சிற்றூரில் நிகழ்கிறது. முதல் படத்தில் மரம் வெட்டப்பட்டது. இங்கே ஊரின் பழைய மரம் இடி விழுந்து கருகுகிறது. அங்கே எவரும் பொருட்படுத்தவில்லை. இங்கே ஊர் அஞ்சுகிறது. நெடுங்காலம் நின்றுபோயிருந்த குலதெய்வத் திருவிழாவை நடத்த முடிவு செய்கிறது. தெய்வத்துக்குப் படைக்கப் புதிதாய் விளைந்த நெல் வேண்டும். ஊரில் இன்னும் உழுகிறவர் மாயாண்டி என்னும் முதியவர் ஒருவர்தாம். மற்றவர்கள் நிலத்தை விற்றுவிட்டார்கள். மாயாண்டியாக நடித்த நல்லாண்டி நடிப்புத் தொழிலரல்லர். படம் வெளிவருமுன் காலமானார். இப்படத்துக்கும் அவருக்கும் 2023இல் அறிவிக்கப்பட்ட தேசிய விருதுகளில் இடம் கிடைத்தது.

மாயாண்டிக்குக் காது மந்தம். இதனை வெறும் பாத்திர வேறுபாடு என்று கொள்ள இயலாது. முதல் படத்துச் சிறுவர்கள் விளம்பரத்தைக் கேட்டு மயங்கியவர்கள். நிலத்தை விலை பேசுவோரும் மருந்து விற்போரும் எவ்வளவு கூவினாலும் இம்முதியவரின் செவியில் அது ஏறுவதில்லை. கடையில் விதையில்லாத தக்காளியைப் பற்றிச் சொல்லும்போது, விதையில்லாமல் ஒரு காய் எதற்கு என்ற பொருளில் அவர் வியந்து கேட்கிறார். நான் இக்கட்டுரையின் தொடக்கத்தில் கூறிய அளவுகோலை எனக்குத் தந்தது இக்காட்சியே. தக்காளி பல நூற்றாண்டுகளுக்குமுன் கடல் கடந்து வந்தபோது விதையோடு வந்தது. உழவன் அதைத் தன்னுடையதாக்கிக்கொண்டான். இன்று அது விதையின்றி வருகிறது. ஒவ்வொரு பருவத்துக்கும் அவன் கடையின் வாசலில் நிற்க வேண்டும். கேடு அயல்நாட்டிலிருந்து வருவதில் இல்லை. மறுவிதைப்பின் உரிமையைப் பறித்துக்கொண்டு வருவதில் இருக்கிறது.

வயலில் இறந்து கிடந்த மயில்களை மாயாண்டி புதைக்கிறார். அதற்காக அவர்மேல் வழக்குப் பாய்கிறது. உள்ளே வைக்கப்பட்ட அவருடைய ஒரே கவலை, நாற்று வாடுமே என்பது. நீதிபதியான பெண் அதைக் காதுகொடுத்துக் கேட்டு, பயிருக்குத் தண்ணீர் பாய்ச்சும் பொறுப்பைக் காவலர் ஒருவரிடம் ஒப்படைக்கிறார். கைது செய்ய வந்த கை, வாய்க்கால் வெட்டக் கற்றுக்கொள்கிறது.

இரக்கமும் தேவையும்

மூன்று படங்களின் முடிவுகளையும் ஒப்பிட்டால் அவற்றின் தரம் வேறுபடுவது தெரியும். 'காக்கா முட்டை'யில் கடை முதலாளி கெட்ட பெயருக்கு அஞ்சிச் சிறுவர்களைச் செங்கம்பளம் விரித்து வரவேற்கிறார். அவர்களோ பீட்சாவைச் சுவைத்துவிட்டு, பாட்டியின் தோசையே மேல் என்கிறார்கள். திரையரங்கு கைதட்டுகிறது. அக்கைதட்டலில் எனக்கு ஐயம் உண்டு. பீட்சா சுவையாக இருந்திருந்தால் அவர்கள் பட்ட அவமானம் சரியாகியிருக்குமா? நல்லவேளையாக அது நமக்குப் பிடிக்கவில்லை என்று ஆறுதல் கொண்டு பார்வையாளர் வீடு திரும்பலாம். வெட்டிய மரத்தை மறந்துவிடலாம். இரண்டாம் படத்தில் நற்பேறும் நல்ல மனங்களும் நாயகனைக் காக்கின்றன. இவ்விரண்டிலும் எளியவனுக்குக் கிடைப்பது பிறர் இரங்கித் தந்தது. தந்தவர் நாளை மறுக்கவும் கூடும்.

மூன்றாம் படத்தில்தான் நிலை தலைகீழாகிறது. மாயாண்டிக்கு ஊர் தேவைப்படுவதைவிட, ஊருக்கு மாயாண்டி தேவைப்படுகிறார். அவர் விளைவித்த நெல் இல்லையேல் தெய்வத்துக்குப் படையல் இல்லை. பக்தி இங்கே தனிமனிதத் தேறுதலாகச் சுருங்கிவிடாமல், மறக்கப்பட்ட ஒரு மனிதனிடம் ஊரையே திருப்பி அனுப்பும் ஆற்றலாகிறது. சமயம் உலகமயச் சந்தைக்குத் தரக்கூடிய மறுமொழி இதைவிட வேறெதுவாக இருக்க முடியும்? மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் தம் 'இறைவா உமக்கே புகழ்' என்னும் சுற்றுமடலை, 'காக்கா முட்டை' திரையரங்குகளில் ஓடிக்கொண்டிருந்த 2015 ஜூன் திங்களில்தான் வெளியிட்டார். நிலத்தின் துயரும் ஏழையின் துயரும் ஒரே துயரம் என்பது அம்மடலின் உள்ளக்கிடக்கை. உசிலம்பட்டியின் காது கேளாத உழவரும் குலதெய்வத்தை வணங்கும் அவ்வூர் மக்களும் தங்கள் வழியில் அதே இடத்துக்கு வந்து சேர்கிறார்கள்.

ஆயினும் ஒரு குறையைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. ஊரெல்லாம் கூடி நடத்தும் அத்திருவிழாவின் அழகில், நிலம் யாரிடம் இருந்தது, யாருக்கு மறுக்கப்பட்டது என்னும் பழைய கணக்கைப் படம் போதிய அழுத்தத்துடன் திறப்பதில்லை. சாதியின் பொருட்டு ஊரை விட்டு நகரத்துக்கு ஓடியவர்களும் உண்டு. அவர்களுக்குச் சிற்றூர் இழந்த சொர்க்கமாகத் தெரியாது. நகரத்தின் கண்ணாடிக் கதவு அவர்களைத் தடுக்குமுன்னரே ஊரின் தெருக்கள் அவர்களைத் தடுத்திருந்தன. உலகமயத்தை எதிர்க்கும் ஆர்வத்தில் உள்ளூரின் அநீதியை மெழுகிவிடக் கூடாது.

இக்குறைகளோடும் இம்மூன்று படங்கள் நமக்குப் பயன்படுகின்றன. நம் பங்குகளுக்கும் பள்ளிகளுக்கும் நிறுவனங்களுக்கும் வெளியிலிருந்து நாள்தோறும் ஏதேனும் வந்துகொண்டே இருக்கிறது: திட்டம், நிதி, கருவி, ஒளிபரப்பு, புதுப்புது வழிபாட்டு முறைகள். அவற்றைக் கண்டு மிரளவும் வேண்டா, மயங்கவும் வேண்டா. மாயாண்டி கேட்ட வினாவைக் கேட்டால் போதும். இதில் விதை இருக்கிறதா? இதை எம்மக்கள் தம் கையால் மறுபடியும் விளைவிக்க இயலுமா, அல்லது ஒவ்வொரு முறையும் இன்னொருவர் வாசலில் நிற்க வேண்டுமா? அதனோடு காக்கைக் கூட்டுச் சிறுவனின் வினாவையும் சேர்த்துக்கொள்ளலாம். எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டோமா, ஒன்றையேனும் கூட்டில் விட்டு வந்தோமா?